சினைச் சுறா: தமிழ் எழுத்திலும் சட்டத்திலும் சுறாவின் இடம்

ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணையில் நெய்தல் நிலத்துக்குரிய ‘விலங்கு’ என்னும் கட்டத்தில் முதலையும் சுறாவும் இருக்கும். பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். நான் அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி அழித்த தடவைகளுக்குக் கணக்கில்லை. ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “டீச்சர், சுறா மீன்தானே, அதை ஏன் விலங்குன்னு போட்டிருக்கு? குட்டி போடுறதாலயா?” என்று கேட்டான். அட்டவணையில் உள்ளபடி எழுது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். உரைமரபில் அப்படி வந்திருக்கிறது என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்த விடை. பணி ஓய்வுக்குப் பிறகு சுறாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, அவனுடைய கேள்வியே மற்ற எல்லாவற்றுக்கும் வாசல் என்று தெரிந்தது.

சுறாவைப் பற்றிய சில படைப்புகளையும், சுறாப் பாதுகாப்புக்காக இந்தியாவில் வந்த சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். குற்றால மலையடிவாரத்து இலஞ்சியில் இருந்துகொண்டு சுறாவைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்தக் கடலின் மீன் எங்கள் சந்தைக்கும் வருகிறது. இதைவிட நெருங்கிய உறவு வேண்டுமானால் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன்.

பட்டினப்பாலையின் கொம்பு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் ஓய்ந்திருக்கும் காட்சி ஒன்று வருகிறது. சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடுகிறார்கள். தாழம்பூச் சூடுகிறார்கள், பனங்கள் குடிக்கிறார்கள், உண்டு விளையாடுகிறார்கள். கொம்புள்ள சுறா என்பதால் இது இன்று கடற்கரையில் ‘வேளா’ என்று சொல்லப்படும் மீனாகவே இருக்க வேண்டும். முகத்தின் முன்னே இருபுறமும் பல் வைத்த ரம்பம் நீண்டிருக்கும் மீன் அது. விலங்கியலார் அதைத் திருக்கைக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். சுறாவும் திருக்கையும் முள்ளெலும்பு இல்லாத, குருத்தெலும்பு மீன்கள் என்ற வகையில் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்தாம்.

இந்தக் காட்சியைப் பலரும் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தமிழரின் தொல்வழிபாடு, நடுகல்லுக்கு இணையான கடற்கரைச் சடங்கு என்றெல்லாம் ஆய்வுகள் உண்டு. அண்மைக் காலத்தில், தமிழர் அன்றே சுறாவைப் பாதுகாத்தார்கள் என்று மேடையில் சொல்பவர்களும் வந்துவிட்டார்கள். அது பொருந்தாது. நட்ட கொம்பு கொன்ற மீனின் கொம்பு. கடலுக்குப் போகாதது நிலவு நாள் என்பதற்காக, மீன் பெருகட்டும் என்பதற்காக அன்று. பாட்டில் இல்லாததைப் பாட்டின் மேல் ஏற்றினால் பாட்டும் கெடும், சுறாவுக்கும் ஒரு பயனும் இல்லை.

ஆனால் பாட்டில் இருக்கும் ஒன்றை எல்லோரும் கடந்து போகிறார்கள். புலவர் வெறுமனே சுறாவின் கொம்பு என்று சொல்லவில்லை. சினைச் சுறாவின் கொம்பு என்கிறார். கருவுற்ற மீன். இந்த அடைமொழியை ஓசைக்காக வந்தது என்று தள்ளுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயிற்றைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது சினை என்று தெரியும். உள்ளே முட்டைக் கொத்து இல்லாமல், முழு உருவம் கொண்ட குட்டிகள் இருந்ததைக் கண்டவர்களுக்குத்தான் அந்தக் கொம்பில் அணங்கு இருப்பதாக அச்சம் வரும். வேளாக் குட்டி பிறக்கும்போது அதன் ரம்பத்தின் மேல் உறை போட்டாற்போல ஒரு சவ்வு இருக்கும். தாயின் வயிற்றைக் கிழித்துவிடாமல் இருப்பதற்காக. இதைக் கண்ட ஒரு சமூகம் அந்தக் கொம்பைச் சும்மா தூக்கி எறிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இன்றைய சுறாப் பாதுகாப்பு வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. மத்தியோ சாளையோ ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுறாக்களில் சில வகை முட்டையிடுபவை என்றாலும், பெரும்பாலானவை குட்டி ஈனுபவை. பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். கருச்சுமக்கும் காலம் பல வகைகளில் ஓராண்டை ஒட்டியது. முள்நாய்ச் சுறா ஏறக்குறைய 2 ஆண்டுகள் சுமக்கிறது. பால் சுறா ஓர் ஈற்றில் 1 முதல் 8 குட்டிகள் வரைதான் போடும். கடலில் மீன் குறைந்தால் மீண்டும் பெருகும் என்ற மீனவர் அனுபவம் மத்திக்குச் சரி, சுறாவுக்குச் சரியில்லை. ஆட்டு மந்தையை நெல் வயல் என்று நினைத்து அறுவடை செய்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். உலகப் பெருங்கடல்களில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு 71 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2021இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

குறுந்தொகையின் காயம்

குறுந்தொகை 269ஆம் பாட்டு கல்லாடனார் பாடியது. சுறா தாக்கிய புண் ஆறி, தந்தை மறுபடி கடலுக்குப் போய்விட்டார். தாய் உப்பு கொடுத்து நெல் வாங்க உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். இந்தச் செய்தியைத் தூரம் போய் அவனிடம் சொல்ல யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறாள் தலைவி. வீட்டில் யாருமில்லை, வரலாம் என்பதுதான் உட்பொருள். சுறாவின் தாக்குதல் இங்கே ஒரு குடும்பச் செய்தியாக, கடிகார முள்ளைப் போல, காலத்தைக் காட்ட மட்டும் வருகிறது. எத்தனை நாள் அவள் வெளியே வர முடியாமல் புண்பட்ட தகப்பனுக்குப் பணிவிடை செய்தாள் என்பதை அந்தப் புண் சொல்லிவிடுகிறது. சிறந்த பாட்டு.

இதில் சுறாவின் மீது பகை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பாவுக்குக் காயம், ஆறியது, மறுபடி போனார். அவ்வளவுதான். வயலில் பாம்பு கடித்தவர் பிழைத்து எழுந்து மறுபடி வயலுக்குப் போவதைப் போல. சுறாவை அரக்கனாக்கும் பழக்கம் நமக்கு வேறெங்கிருந்தோ வந்தது.

கிழவனும், படமும்

ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ 1952இல் வெளிவந்தது. தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. மனித மன உறுதியின் கதை என்றே இதை வகுப்பறைகளில் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். திரும்பப் படித்தபோது வேறு பக்கங்கள் கண்ணில் பட்டன. கிழவனின் ஊரில் ஒரு சுறாத் தொழிற்கூடம் இருக்கிறது. அங்கே சுறாவைத் தூக்கிக் கட்டி, ஈரலை எடுத்து, துடுப்பை வெட்டி, தோலை உரித்து, சதையை உப்புக்கண்டம் போடுவார்கள் என்று ஹெமிங்வே போகிற போக்கில் எழுதிவிடுகிறார். மீனவர்களுக்காகப் பெரிய பீப்பாயில் சுறா ஈரல் எண்ணெய் வைத்திருக்கும். பலருக்கு அதன் சுவை பிடிக்காது. கிழவன் மட்டும் நாள்தோறும் ஒரு குவளை குடிப்பான். கதையில் சுறா பகைவனாக வருவதற்கு முன்பே அந்த ஊரின் சாப்பாடாகவும் மருந்தாகவும் கூலியாகவும் வந்துவிடுகிறது.

முதலில் வந்து கடிக்கும் மாக்கோ சுறாவை, தாடையைத் தவிர மற்றதெல்லாம் அழகு என்னும்படி எழுதியிருக்கிறார். கடைசியில் கரையில் கிடக்கும் பெரிய எலும்புக்கூட்டைப் பார்த்த சுற்றுலாப் பெண், அது சுறா என்று தவறாகப் புரிந்துகொண்டு, சுறாவுக்கு இவ்வளவு அழகான வால் இருக்கும் என்று எனக்குத் தெரியாதே என்கிறாள். எல்லோரும் இதை அவளுடைய அறியாமையைக் கேலி செய்யும் இடமாகப் படிப்பார்கள். அந்த வியப்பில் ஓர் உண்மையும் இருக்கிறது. சுறாவை அழகு என்று சொல்ல நவீன எழுத்தில் ஒருவர் தவறாகப் பார்த்தால்தான் முடிகிறது.

‘ஜாஸ்’ படம் 1975இல் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மூலமான நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாப் பாதுகாப்புக்காகப் பேசினார், அந்த நாவலை இன்று எழுத முடியாது என்றும் சொன்னார் என்பதை மட்டும் குறித்து வைக்கலாம். 2010இல் நம் ஊரில் ‘சுறா’ என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. அதில் சுறா என்பது கதாநாயகனின் பெயர்.

இந்தியச் சுறாக்களின் தலையெழுத்தை மாற்றிய படம் மைக் பாண்டே எடுத்த ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’. குஜராத் கடற்கரையில் திமிங்கலச் சுறாக்கள் கொக்கி போட்டு இழுக்கப்பட்டு வெட்டப்படுவதைக் காட்டிய ஆவணப்படம். 2000ஆம் ஆண்டில் பசுமை ஆஸ்கர் என்று அழைக்கப்படும் பாண்டா விருது பெற்றது. திமிங்கலச் சுறா கடலின் மிகப் பெரிய மீன், மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்பது, யாரையும் கடிக்காது. படத்தின் வலிமை இந்த முரணில் இருக்கிறது. மே 2001இல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாக, சேர்க்கப்பட்டது. ஒரு படம் இவ்வளவு செய்தது பெரிய காரியம்.

ஆனால் படத்தின் குறையையும் சொல்ல வேண்டும். வெட்டுபவர்களின் கைகள் தெரிகின்றன, வீடுகள் தெரிவதில்லை. பார்ப்பவருக்குக் கோபம் வருகிறது. அடுத்து என்ன என்ற கேள்வி வருவதில்லை. அந்தக் கோபத்தின் சூட்டிலேயே அடுத்த அடி எடுத்து வைக்கப்பட்டது.

தூத்தூரும் 2001ஆம் ஆண்டும்

ஜூலை 2001இல் எல்லாச் சுறாக்களும் திருக்கைகளும் ஒரே அறிவிப்பில் முதல் அட்டவணைக்குள் வந்தன. சந்தையில் பால் சுறா வாங்குபவரும் சட்டப்படி புலி வேட்டையாடியவருக்குச் சமம் என்று ஆயிற்று. அதிகம் பாதிக்கப்பட்டவை கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை வரிசையாக இருக்கும் ஊர்கள். அவற்றைச் சேர்த்துத் தூத்தூர் மீனவர் என்பார்கள். தூண்டில் கயிற்றைக் கொண்டு ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அரபிக் கடலில் குஜராத்துக்கு அப்பாலும் போய் வாரக் கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். நாட்டின் மற்ற பகுதியினர் இந்த ஊர்ப் பெயர்களைக் கேள்விப்பட்டதே நவம்பர் 2017இல் ஒக்கிப் புயலில் அங்கே அத்தனை பேர் இறந்தபோதுதான்.

மீனவர் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 2001இல் அரசு பட்டியலைச் சுருக்கி 10 இனங்களை மட்டும் வைத்துக்கொண்டது. திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா, புதுச்சேரிச் சுறா, வேளா வகைகள், சில திருக்கைகள் அதில் இருந்தன. புதுச்சேரிச் சுறா நம் கரையின் பெயரையே தாங்கியது. பல பத்தாண்டுகளாக அதன் உறுதியான மாதிரி எதுவும் நம் கரையில் கிடைக்கவில்லை.

இந்த ஐந்து மாதக் குழப்பத்தை இரு தரப்பாரும் தங்கள் வெற்றியாகவோ தோல்வியாகவோ மட்டும் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்குக் குறையாகப் படுவது வேறு. ஜூலை அறிவிப்பு சுறாக்களுக்கிடையே வேறுபாடு பார்க்கவில்லை. டிசம்பர் திருத்தமோ பட்டியலுக்கு வெளியே இருந்த எல்லாச் சுறாவையும் மறுபடி மத்தி மீனைப் போல ஆக்கிவிட்டது. எவ்வளவு பிடிக்கலாம், எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக்கூடாது, எந்த மாதத்தில் எந்த இடத்தில் குட்டி போடுகிறது என்பவை இரண்டு ஆணைகளிலும் இல்லை. சினை என்ற சொல் பட்டினப்பாலையில் இருக்கிறது, ஆணையில் இல்லை.

பீலியின் விலை

அடுத்து வந்தது துடுப்பு வணிகத்தைப் பற்றிய சட்டம். தென்கடற்கரையில் சுறாத் துடுப்பைப் பீலி என்பார்கள். ஹாங்காங், சிங்கப்பூர் போன்ற இடங்களில் விருந்துகளில் பரிமாறும் சூப்புக்காக இது போகிறது. பீலியில் உள்ள நார் சேமியா போல இருக்கும். அதற்கென்று சுவை கிடையாது. சுவை கோழிச் சாற்றுடையது. மயிற்பீலியானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்ன குறள், எந்தப் பீலியை நினைத்து எழுதப்பட்டதோ, இந்தப் பீலிக்கும் பொருந்துகிறது.

ஆகஸ்ட் 2013இல் சுறாவை உடலோடு துடுப்பு ஒட்டிய நிலையிலேயே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கொள்கையை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. பிப்ரவரி 2015இல் எல்லா இனங்களின் துடுப்பையும் ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. நவம்பர் 2022இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு மேலும் பல சுறா இனங்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டம் 1 ஏப்ரல் 2023இல் நடைமுறைக்கு வந்தபோது இங்கும் பட்டியல் நீண்டது.

உயிருள்ள சுறாவின் துடுப்பை அறுத்து, உடலைக் கடலில் வீசும் காட்சியை வெளிநாட்டுப் படங்களில் பார்த்திருப்போம். நம் செய்தித்தாள்களும் அதையே எடுத்து எழுதுகின்றன. தமிழ்நாட்டுக் கரைக்கு அந்தக் காட்சி அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே சுறா முழுதாகக் கரைக்கு வருகிறது. சதை சந்தைக்கும் கருவாட்டுக்கும் போகிறது, ஈரல் எண்ணெய்க்குப் போகிறது, பீலி கடைசியில் வரும் கூடுதல் வருமானம். எனவே துடுப்போடு கொண்டு வா என்ற கொள்கை நமக்குப் புதிதாக எதையும் மாற்றவில்லை. ஏற்றுமதித் தடையால் மீனவருக்குக் கிடைக்கும் விலை குறைந்திருக்கலாம், கடத்தல் வழக்குகள் செய்தியில் வரலாம். இழுவலையில் சிக்கும் குட்டிச் சுறா அதனால் பிழைப்பதில்லை. யாரோ தூர தேசத்தில் சூப் குடிப்பவரைக் குற்றம் சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது. சுறாப்புட்டு நம் வீட்டுச் சட்டியில் இருக்கிறது. புட்டுக்கு இளஞ்சுறாதான் நன்றாக உதிரும் என்று நாமே தேடிக் கேட்டு வாங்குகிறோம்.

தூத்தூர்க்காரர்களின் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. தூண்டிலில் பெரிய சுறாவைப் பிடிப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். இழுவலையில் கலந்து வரும் சாண் நீளக் குட்டிகள் கழிவு மீனோடு போய்விடுகின்றன, அவற்றைப் படம் எடுப்பவர் இல்லை. அதற்காகப் பெரிய சுறாவைப் பிடிப்பது சரி என்று ஆகிவிடாது. வயது வந்த பெண் சுறா ஒன்று போனால் பல ஆண்டுகளின் ஈற்று போகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லும் எழுத்து நமக்கு வேண்டும்.

குஜராத்தின் மகள்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி படமும் அல்ல, சட்டமும் அல்ல. திமிங்கலச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்த பிறகும் குஜராத்தில் அதன் பெயர் கூட மக்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. 2004 முதல் இந்திய வன உயிரின அறக்கட்டளை அங்கே ஒரு பரப்புரை நடத்தியது. இராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு அந்த மீனைப் பற்றிப் பேசினார். அது பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள், வந்த மகளை வெட்டலாமா என்பது அவர் சொன்னதன் சாரம். ‘வ்ஹாலி’, அதாவது அன்புக்குரியவள், என்ற பெயரும் அதற்கு வந்தது. வலையை அறுத்துச் சுறாவை விடுவித்தால் வலைக்கு இழப்பீடு என்று வனத்துறையும் ஏற்பாடு செய்தது. முன்பு கொக்கி எறிந்த அதே கைகள் நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை விடுவித்தன.

இலக்கிய நோக்கில் பார்த்தால் இது ஓர் உருவகத்தின் வெற்றி. உருவகம் மட்டும் போதவில்லை. அறுந்த வலைக்குப் பணமும் வேண்டியிருந்தது. பணம் மட்டும் கொடுத்திருந்தாலும் நடந்திருக்காது என்றே தோன்றுகிறது. அந்த மீனைப் பற்றி மீனவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் ஓர் உறவுச் சொல்லைப் பேச்சாளர் எடுத்துக் கொடுத்தார். சூல் கொண்டவள். பட்டினப்பாலைப் புலவர் கண்ட அதே நிலை. அந்தப் பாட்டை வைத்திருக்கும் நாம் அதைக் கொம்பாகவும் கொடியாகவும் தை மாதத்தின் தனித்தமிழ்ப் பெயராகவும் மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நெய்தல் எழுத்து தமிழில் குறைவில்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குருஸின் ‘ஆழிசூழ் உலகு’ ஆகியவை கடல் தொழிலின் துயரையும் பெருமையையும் எழுதிவிட்டன. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடந்த சண்டையை வண்ணநிலவன் எழுதியபோது, பிடிக்கும் முறை மாறினால் ஊர் எப்படி உடையும் என்று காட்டினார். மீனுக்கு என்ன ஆகிறது என்பது அவர்களுடைய கேள்வி அன்று. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கரையில் மீன் அறுக்கும் பெண்களின் கண் வழியாக எழுதப்பட வேண்டிய பகுதி ஒன்று மிச்சம் இருக்கிறது. சுறாவின் வயிற்றுக்குள் என்ன இருந்தது, எந்த மாதத்தில் இருந்தது, முன்பு எத்தனை இருந்தது, இப்போது எத்தனை என்று சட்டம் எழுதியவர்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

என் மகளின் பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் ஊற வேண்டும் என்று நானும் பால் சுறா வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்பது எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்காமல் செய்யும் காரியம். சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களின் சதையில் பாதரசம் சேர்கிறது என்றும், கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும் என்றும் பல நாட்டு உணவுத் துறைகள் சொல்வதைப் பின்னர்தான் படித்தேன். அன்று சந்தையில் மீன்கார அம்மா அரிவாள்மணையில் வைத்து வயிற்றைக் கீறியதும் உள்ளே விரல் நீளத்தில் குட்டிகள் இருந்தன. எண்ணினேன், நான்கு.

“சினைச் சுறா, டீச்சர். நல்லதாப் போச்சு, பால் நல்லா ஊறும்” என்றார்.

குட்டிகளையும் அதே பையில் போட்டுக் கொடுத்தார். அவற்றுக்குத் தனியாக விலை சொல்லவில்லை.